மெருகு

பினாங்கு மாநிலத்தின் தெற்கில், பேராக் எல்லையை ஒட்டி ஓடும் கிரியான் ஆற்றங்கரையில் இருக்கிறது நிபோங் திபால். இந்த ஊரின் பெயருக்குள்ளேயே ஒரு மரம் நிற்கிறது. நிபோங் என்பது ஒரு பனை வகை. ‘திபால்’ என்னும் மலாய்ச் சொல்லுக்கு அடர்த்தி என்று பொருள். ஆற்றோரத்தில் நிபோங் பனைகள் அடர்ந்து நின்றதால் ஊருக்கு இப்பெயர் வந்தது என்பர். ஆனால், இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் நிபோங்கைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள்? தொட்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் உடல் முழுவதும் கறுத்த, நீண்ட முட்கள்.

நிபோங் உப்பங்கழியின் ஓரத்தில், சதுப்புக் காட்டுக்குச் சற்று உள்ளே, கூட்டம் கூட்டமாக வளரும். ஒரே அடியிலிருந்து பல தண்டுகள் கிளம்பி இருபது மீட்டருக்கு மேலும் உயரும். வெளிச்சுவர் இரும்பைப் போன்றது. உள்ளே இருப்பது மென்மையான சோறு. வெளிச்சுவர் உப்புநீரில் நின்றாலும் எளிதில் மக்குவதில்லை. அதனால்தான் மீனவர்கள் கடலில் கட்டும் கேலோங் என்னும் மீன்பொறிக்கு நிபோங் கழிகளை ஊன்றினார்கள். ஆற்றோர வீடுகளுக்கு அதைத் தூணாக நட்டார்கள். பிளந்து தரைக்குப் பரப்பினார்கள்.

அப்படிப்பட்ட பழைய வீடு ஒன்று பிரிக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். தாத்தா கட்டிய வீடு. குப்பையோடு போகவிருந்த ஒரு தூணிலிருந்து, ஒரு சாண் நீளத் துண்டைப் பேரன் அறுத்து எடுத்து வைக்கிறார். அவருக்குக் கொஞ்சம் கடைசல் வேலை தெரியும். அந்தத் துண்டில் ஒரு பேனா செய்து, அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த தம் அம்மாவிடம் கொடுக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். துண்டு ஒன்றுதான். கெட்டுப் போனால் இன்னொன்று எடுக்க வீடு இல்லை.

பேனா கடைவது பார்ப்பதற்குச் சிறிய வேலை. துண்டை இரண்டு குட்டைக் கட்டைகளாக அறுத்து, ஒவ்வொன்றின் நடுவிலும் நீளவாக்கில் துளையிட வேண்டும். துளைக்குள் மெல்லிய பித்தளைக் குழாயை ஒட்ட வேண்டும். பிறகு கட்டையைக் கடைசல் எந்திரத்தில் பூட்டிச் சுழலவிட்டு, உளியை மெல்ல அணைத்தால் சதுரம் உருளையாகும். வேலை முடியும்போது பித்தளைக்கு மேல் எஞ்சியிருக்கும் மரத்தின் கனம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். தாத்தாவின் தூண் அவ்வளவு மெல்லியதாகிவிடும்.

நிபோங் மற்ற மரங்களைப் போலக் கடைய இசைவதில்லை. தேக்கிலும் வேம்பிலும் வைரம் நடுவில் இருக்கிறது. பனையிலும் தென்னையிலும் வைரம் வெளியே இருக்கிறது. தொல்காப்பியத்தின் மரபியல் இந்த வேறுபாட்டைக் கண்டு, உள்ளே வைரம் உள்ளவற்றை மட்டுமே மரம் என்கிறது. வெளியே வைரம் உள்ளவற்றைப் புல் என்று வகைப்படுத்துகிறது. இன்றைய தாவரவியலும் பனையைத் தேக்கோடு சேர்க்காமல், புல்லைப் போன்ற ஒருவித்திலைத் தாவரங்களோடுதான் சேர்க்கிறது. கணக்குப்படி பார்த்தால், அந்தப் பேரன் புல்லில் பேனா செய்கிறார்.

இதனால் வரும் சிக்கல் உளியில் தெரியும். நிபோங்கின் வெட்டு முகத்தில் ஆண்டு வளையங்கள் இல்லை. வெளிறிய சதைக்குள் கறுத்த நார்கள் ஊசிகளைப் போலச் செருகிக் கிடக்கும். நீளவாக்கில் அவை கோடுகள். குறுக்கே வெட்டினால் புள்ளிகள். பேனாவின் உடல் நுனியை நோக்கிச் சரியும் இடத்தில் கோடுகள் மெல்லச் சுருங்கிப் புள்ளிகளாக மாறும். இந்த அழகுக்காகவே கடைசல்காரர்கள் பனையைத் தேடுகிறார்கள். ஆனால், நார் கடினம். அதைச் சூழ்ந்த சதை மென்மை. உளி சற்று மழுங்கினாலும் நார் வெட்டுப்படாமல் பிய்ந்து வரும். உப்புத்தாளால் தேய்த்தால் மென்மையான சதை முதலில் கரைந்து, நார்கள் மேடு மேடாக எழுந்து நிற்கும். இவ்வளவையும் கடந்து உருவம் கிடைத்த பிறகுதான் உண்மையான கேள்வி வருகிறது. இதற்கு எந்த மெருகு?

நாற்காலிக்கும் பேனாவுக்கும் ஒரே மெருகு உதவாது. நாற்காலியில் துணி உரசுகிறது. பேனாவைப் பிடிப்பதோ வெறும் விரல். வியர்வையில் உப்பு இருக்கிறது, எண்ணெய்ப் பசை இருக்கிறது. பேனா சட்டைப்பையில் சாவியோடு கிடக்கும், மை சிந்தும், மழையில் நனையும். மேலும், இது ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் நிறைந்த நாடு. இங்கே மரம் நீரை உறிஞ்சி உப்பும். குளிரூட்டப்பட்ட அறைக்குள் போனால் காய்ந்து சுருங்கும். உள்ளே இருக்கும் பித்தளைக் குழாய் அதற்கேற்ப விரிவதுமில்லை, சுருங்குவதுமில்லை. இடையில் சிக்கிய மெல்லிய மரம் வெடிக்கலாம். ஆகவே, பேனாவின் மெருகு அலங்காரத்தோடு முடிந்துவிடுவதில்லை. ஓரளவு அதுவே பேனாவின் ஆயுள்.

எளிய வழி எண்ணெய். ஆளிவிதை எண்ணெயையோ டங் எண்ணெயையோ துணியில் தொட்டுத் தேய்த்தால், மரம் அதைக் குடித்து நிறம் ஆழமாகும். தொட்டால் மரத்தைத் தொட்டது போலவே இருக்கும். ஆனால், காய்வதற்கு நாள்கள் ஆகும். வியர்வையைத் தடுக்கும் வலிமையும் குறைவு. ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணியைக் கசக்கி மூலையில் போட்டால், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயவைத்த பிறகே அதை எறிய வேண்டும். பட்டறைக்குப் புதியவர்கள் இதை முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்தது அரக்கு. தமிழர்க்கு இது புதிதன்று. திருநெல்வேலிச் சீமையில் அம்பாசமுத்திரத்துக் கடைசல்காரர்கள் செய்யும் மரச் சொப்புகளின் சிவப்பும் மஞ்சளும் அரக்கின் நிறங்கள். கர்நாடகத்தின் சன்னபட்டணத்திலும் இதே முறைதான். சுழலும் பொம்மையின்மேல் நிறம் கலந்த அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உரசலில் எழும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறும். பிறகு தாழை ஓலையை மடித்து அழுத்தினால், மங்கலாக இருந்த அரக்கு கண்ணெதிரே பளபளக்கும். தூரிகையும் இல்லை, காயும்வரை காத்திருப்பதும் இல்லை. பேனாவுக்கும் பலர் அரக்கைச் சாராயத்தில் கரைத்துச் சுழலும் உடலில் துணியால் தேய்க்கிறார்கள். சில நிமிடங்களில் கண்ணாடி போலாகும். ஆயினும், அந்தப் பளபளப்பு நிலைப்பதில்லை. அரக்குக்கு வெப்பமும் ஈரமும் ஆகாது. வியர்க்கும் கையில் சில மாதங்கள் இருந்தால், விரல் படும் இடம் மங்கி வெளுக்கத் தொடங்கும். சொப்புக்குப் பொருத்தமானது பேனாவுக்கும் பொருந்த வேண்டும் என்பதில்லை.

இக்காலத்தில் பேனா கடைபவர்கள் பெரும்பாலும் நாடுவது சூப்பர் குளூ. உடைந்த கோப்பையை ஒட்டும் அதே பசைதான். அமெரிக்காவில் 1942-இல் தற்செயலாகக் கண்டறியப்பட்ட இதன் வேதிப்பெயர் சயனோஅக்ரிலேட். கடைசல்காரர்கள் இதை ஒட்டுவதற்குப் பயன்படுத்துவதோடு, மேலே பூசவும் செய்கிறார்கள். மெல்லிய காகிதத்தில் சில சொட்டுகள் விட்டு, சுழலும் மரத்தின்மேல் ஓட்ட வேண்டும். பஞ்சுத் துணியில் விட்டால் சூடேறிப் புகையும், அதனால்தான் காகிதம். புகை கண்ணைக் கரிக்கும். மூக்குக்கும் கவசம் தேவை. பத்துப் பன்னிரண்டு முறை பூசி, பிறகு நுண்ணிய தாள்களால் நீர் தொட்டுத் தேய்த்தால், ஆழ்ந்த குளத்துக்கு அடியில் மரம் கிடப்பது போன்ற தோற்றம் வரும். வியர்வை, மை, மழை எதுவும் எளிதில் தீண்டாது. சந்தையில் நல்ல விலை கிடைப்பதும் இந்தப் பளபளப்புக்குத்தான்.

இங்கும் ஒரு சிறு தொல்லை உண்டு. இந்தப் பசை ஈரத்தால்தான் இறுகுகிறது. காற்றில் ஈரம் மிகுந்த நாள்களில் அது தேவைக்கு மேல் விரைந்து இறுகி, வெண்புகை படிந்தது போல் மங்கிவிடலாம். மழை பெய்து ஓய்ந்த நிபோங் திபால் மாலை இந்த வேலைக்கு ஏற்ற நேரமன்று.

ஆனால், பெரிய தொல்லை வேறு. சூப்பர் குளூ பூசிய பேனாவைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்தால், அது நிபோங்கா, தேக்கா, வெறும் பிளாஸ்டிக்கா என்று விரலுக்குத் தெரியாது. மரம் கண்ணுக்கு மட்டும் கிடைக்கிறது, கைக்குக் கிடைப்பதில்லை. கண்ணாடிப் பேழைக்குள் வைத்த தாத்தாவின் கைத்தடி போன்றதுதான். கெடாது, பிடித்து நடக்கவும் முடியாது. எல்லாப் பேனாவுக்கும் இது குறையன்று. தென்னஞ்சிரட்டை, சோளக்கட்டை, மிளகாய் விதையைப் பிசினில் வார்த்த கட்டை ஆகியவற்றுக்கெல்லாம் இப்படியொரு கவசம் இல்லையென்றால் பேனாவே இல்லை. அம்மாவின் பேனாவுக்கு அது வேண்டுமா என்பதுதான் கேள்வி.

பூச்சே இல்லாத மெருகு ஒன்று உண்டா? உண்டு. அதைத் தேடிப் போனால், வழி மறுபடியும் இந்த ஊர்ப் பக்கமே வந்து சேர்கிறது. நிபோங் திபாலுக்குப் பெயர் தந்தது நிபோங். சோறு போட்டது ரப்பர். சுற்று வட்டாரத் தோட்டங்களில் முன்னர் கரும்பு விளைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய் ரப்பர் வந்தது. பின்னர் ரப்பர் நின்ற இடங்களைச் செம்பனை பிடித்துக்கொண்டது. பிரேசிலின் விதையிலிருந்து முளைத்த ரப்பர்க் கன்றுகள் 1877-இல் சிங்கப்பூருக்கு வந்து, அவற்றுள் சில பேராக்கின் கோலாகங்சாரில் நடப்பட்டன. அவற்றுள் ஒரு மரம் இன்றும் அங்கே நிற்கிறது. அதன்பின் வந்த தோட்டங்களில் தமிழர்கள் விடியுமுன் எழுந்து பால் வெட்டினார்கள். மங்குகளில் சொட்டிய பால் ஆலைக்குப் போனது. ரப்பர்ப் பாளங்களாகக் கப்பலேறியது.

அந்த ரப்பர் போன இடங்களுள் ஒன்று பேனா. இது பலருக்கு வியப்பாக இருக்கும். ரப்பரோடு சிறிதளவு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் வண்டிச் சக்கரத்துக்கு உதவும் நெகிழ்ந்த ரப்பர் கிடைக்கிறது. இதைக் கண்டவர் சார்லஸ் குட்இயர். நூறு பங்கு ரப்பருக்கு முப்பது முதல் ஐம்பது பங்கு வரை கந்தகம் சேர்த்து, பல மணிநேரம் சூடாக்கினால் கிடைப்பதோ கருங்காலி போன்ற கெட்டிப்பொருள். அவருடைய தம்பி நெல்சன் குட்இயர் 1851-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கருங்காலியின் ஆங்கிலப் பெயரை ஒட்டி இதற்கு எபோனைட் என்று பெயர் வந்தது. வாட்டர்மேன் 1884-இல் காப்புரிமை பெற்ற மையூற்றுப் பேனா முதல், 1920-களில் செல்லுலாய்டு வரும்வரை, உலகின் பேனாக்கள் பெரும்பாலும் எபோனைட்டால் ஆனவையே. அக்காலத்தின் பிற்பகுதியில் உலகச் சந்தையின் ரப்பரில் பெரும்பங்கு மலாயாவிலிருந்து சென்றது. பால் வெட்டிய பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது; பெருவிரல் மையால் சம்பளம் வாங்கினார்கள். அவர்கள் வெட்டிய பாலில் ஒரு பகுதி, எங்கோ யாரோ எழுதும் பேனாவாக இருந்திருக்கும்.

மற்ற நாடுகளில் எபோனைட் பேனா அருகிப்போன பிறகும், இந்தியாவில் அதைக் கையால் கடைவது நிற்கவில்லை. ஆந்திரத்தின் ராஜமந்திரியில் கே. வி. ரத்னம் உள்நாட்டிலேயே பேனா செய்தார். தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளியலாளர் ஜே. சி. குமரப்பா வழியாக அது காந்தியடிகளின் கைக்குச் சென்றது. வெளிநாட்டுப் பேனாவுக்கு அது நல்ல மாற்று என்று அவர் 1935-இல் கடிதம் எழுதினார். தமிழ்நாட்டில், சென்னைக்கு அருகிலுள்ள திருவள்ளூரில், எம். எஸ். பாண்டுரங்கன் தொடங்கிய ரங்கா பேனாப் பட்டறை எபோனைட் கோல்களைக் கடைந்து உலகம் முழுவதும் அனுப்புகிறது. அங்கே பேனா வாங்குபவரிடம் கேட்கப்படும் கேள்விகளுள் ஒன்று, மெருகு எப்படி வேண்டும் என்பது. கண்ணாடி போலப் பளபளப்பாகவா? மங்கலாகவா? நுண்ணிய கீறல்கள் ஓடும்படி விட்டதாகவா?

எபோனைட்டின் மேல் எதையும் பூச வேண்டியதில்லை. அதனுள்ளேயே பளபளப்பு இருக்கிறது; தேய்த்து வெளியே கொண்டுவருவதுதான் வேலை. முரட்டுத் தாளில் தொடங்கி, படிப்படியாக நுண்ணிய தாளுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு தாளும் முந்தைய தாளின் கீறலை அழித்துத் தன் கீறலை விட்டுச் செல்லும். இடையில் ஒரு தாளைத் தாண்டிச் சென்றால் பழைய கீறல் கடைசிவரை நின்று காட்டிக்கொடுக்கும். இறுதியில் சுழலும் துணிச் சக்கரத்தில் மெருகுக் களிம்பு தடவி அணைத்தால் கறுப்பு மின்னும். கந்தக வாசனையும் எழும். அதே வேலையைப் பாதி வழியில் நிறுத்தினால் மங்கல் மெருகு. அரைகுறை வேலை என்று இதை எண்ணிவிடக் கூடாது. எந்தத் தாளில் நிறுத்துவது என்பதைத் தீர்மானித்து, எல்லா இடத்திலும் ஒரே சீராக நிறுத்துவது, கண்ணாடி மெருகைவிடக் கடினம். பளபளப்பு சிறு பிழைகளை ஒளியால் மறைக்கும். மங்கலில் எதுவும் மறையாது.

இரண்டுக்கும் வயது வரும்போது நடப்பது வேறு. பளபளப்பான எபோனைட்டில் முதல் கீறல் பெரிதாகத் தெரியும். மங்கலானது விரல் படப்பட மெல்ல மின்னத் தொடங்கும். வெயிலும் ஈரமும் நெடுநாள் பட்டால் எபோனைட்டின் கறுப்பு பழுப்பாக மாறும். பழைய எபோனைட் பேனாவைச் சுடுநீரில் ஊறவைத்துக் கழுவினால் ஒரே இரவில் நிறம் போய்விடும். இதைத் தெரியாமல் செய்து வருந்தியவர் பலர்.

இந்தப் பழுப்பை எதிர்த்து ஜப்பானியர் கண்ட வழி குறிப்பிடத்தக்கது. 1918-இல் தொடங்கப்பட்ட நமிகி நிறுவனத்தார் தங்கள் எபோனைட் பேனாக்கள் நிறம் மாறுவதைக் கண்டு, 1920-களில் அவற்றின்மேல் உருஷி என்னும் மரப்பாலைப் பூசினார்கள். உருஷி மரத்தையும் ரப்பர் மரத்தைப் போலவே கீறித்தான் பால் எடுக்கிறார்கள். உடல் ஒரு மரத்தின் பால். மேற்பூச்சு இன்னொரு மரத்தின் பால். உருஷி காய்வதற்கு வெயில் ஆகாது, ஈரக்காற்று வேண்டும். காயாத நிலையில் தோலில் பட்டால் கடுமையாக அரிக்கும். பல படலங்களாகப் பூசித் தேய்ப்பதற்கு வாரங்களோ மாதங்களோ ஆகும். அந்தப் பொறுமை எல்லாரிடமும் இருக்காது. இருக்க வேண்டும் என்றும் இல்லை.

தோட்டத்தில் எஞ்சியது பால் மட்டுமன்று. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் பால் தந்த மரத்தை வெட்டிப் புதுக்கன்று நடுவார்கள். முன்பு விறகாகிப் போன அந்த மரம் இன்று நாற்காலியாகவும் மேசையாகவும் ஏற்றுமதியாகிறது. பேனாவுக்கும் ஆகும். வெட்டிய சில நாள்களிலேயே நீலக்கறை ஏறிவிடும் என்பதால் உடனே பதப்படுத்த வேண்டும். வெளிறிய நிறம், அடக்கமான ரேகை. இதற்கு எண்ணெய் மெருகே பொருந்தும். எருமைக் கொம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேய்க்கும்போது முடி கருகும் வாடை வரும். பொறுத்துக்கொண்டால் எபோனைட்டைப் போலவே பூச்சில்லாமல் மின்னும்.

மீண்டும் அந்தப் பட்டறை. பேரன் எடுத்த எடுப்பில் தாத்தாவின் தூணில் உளி வைப்பதில்லை. முதலில் தென்னையில் கடைகிறார். தென்னையும் நிபோங்கைப் போலவே கறுத்த நாரும் வெளிறிய சதையும் உடையது. அதன் துண்டுகள் எளிதில் கிடைக்கும். ஒன்றுக்கு எண்ணெய், ஒன்றுக்கு அரக்கு, ஒன்றுக்கு முழுப் பசைப் பூச்சு, ஒன்றுக்கு வெறும் மெழுகு என்று நான்கு உருளைகள். நான்கையும் இரண்டு வாரம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிகிறார். எண்ணெய் பூசியது அழுக்கேறிக் கறுக்கிறது. அரக்கு மங்குகிறது. வெறும் மெழுகு பூசியதில் மையின் ஒரு சொட்டு விழுந்து, சதைக்குள் இறங்கி, திரும்பவே இல்லை. பசை பூசியது மட்டும் கடையில் வாங்கியது போல அப்படியே இருக்கிறது.

கணக்கு முடிந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால், அவர் அம்மாவை நினைத்துப் பார்க்கிறார். வீட்டில் பளபளக்கும் பொருள் எதுவானாலும் அம்மா அதைத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்துவிடுவார். விருந்தினருக்கென்று வாங்கிய கோப்பைகள் பல ஆண்டுகளாக அங்கேதான் இருக்கின்றன. பளபளக்கும் பேனாவும் அங்கேதான் போகும். தேய்ந்துபோகும் என்ற அச்சமில்லாத பொருளைத்தான் அவர் நாள்தோறும் எடுப்பார்.

அதனால் அவர் பசையை விடவும் இல்லை, அதை மேலே நிற்கவிடவும் இல்லை. மிக நீர்த்த பசையைக் கடைந்த நிபோங்கில் ஊறவிடுகிறார். சதை அதைக் குடித்து நாரளவுக்கு இறுகுகிறது. பிறகு மேலே படிந்த படலம் முழுவதையும் மரம் வெளிப்படும்வரை தேய்த்து எடுக்கிறார். எந்திரத்தை நிறுத்திவிட்டு, நீளவாக்கிலும் கையால் தேய்க்கிறார். சுழலும்போது விழுந்த வளையக் கீறல்கள் அப்போதுதான் போகும். அறுநூறாம் எண் தாளோடு நிறுத்திக்கொள்கிறார். கடைசியாகத் தேன்மெழுகோடு சிறிது கார்னாபா மெழுகு கலந்து ஒரு பூச்சு. கார்னாபா என்பது பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் ஓலையில் படியும் மெழுகு. தேன்மெழுகைவிட உயர்ந்த சூட்டில்தான் உருகும் என்பதால் கையின் வெப்பத்துக்கு இளகாது. பனைக்குப் பனையே மெருகு.

ஓலையில் எழுதிய காலத்திலும் இந்த வேலை இருந்தது. பனையோலையைப் பறித்தவுடன் யாரும் எழுதவில்லை. அவித்து, உலர்த்தி, தேய்த்து வழவழப்பாக்கிப் பாடம் செய்த பிறகே எழுத்தாணி பட்டது. எழுதிய பிறகு, கீறல்களில் கரியும் மஞ்சளும் பச்சிலைச் சாறும் பூசினார்கள். அன்று பனை எழுத்தைத் தாங்கியது. பேரனின் பட்டறையில் அது எழுதும் பக்கத்துக்கு வந்துவிட்டது.

இந்த மெருகிலும் குறை இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறையாவது மெழுகு பூச வேண்டும். மை பட்டால் உடனே துடைக்க வேண்டும். நார்களின் மேடு விரலில் இலேசாகத் தட்டும்; சிலருக்கு அது பிடிக்காது. விற்பனைக்கு என்றால் அவர் இதைச் செய்திருக்கவும் மாட்டார்.

அம்மா பேனாவை வாங்கிக் கையில் உருட்டிப் பார்க்கிறார். எந்தத் தூண் என்று கேட்கிறார். வாசல் பக்கத்துத் தூண் என்கிறார் மகன். இரண்டாவது தூணா, மூன்றாவது தூணா என்று மீண்டும் கேட்கிறார். மகனுக்கு அது தெரியவில்லை. மறுநாள் காலையில் அந்தப் பேனா சமையலறை நாள்காட்டியின் பக்கத்தில் கிடக்கிறது. கடையில் வாங்க வேண்டிய சாமான்களின் பட்டியல் பாதி எழுதப்பட்டிருக்கிறது.

சில மாதங்கள் கழித்து மெழுகு பூசுவதற்காக மகன் அதைக் கேட்டு வாங்குகிறார். கட்டைவிரல் படியும் இடத்தில் மட்டும் ஒரு மின்னல் ஏறியிருக்கிறது. மற்ற இடங்களுக்கு மெழுகு தடவித் துடைத்துவிட்டு, அந்த இடத்தைத் தொடாமல் திருப்பிக் கொடுக்கிறார்.